கடலூரில் ஒரு சி.பி.சி., புதுச்சேரியில் ஒரு பை பிளேட்லெட்

சிங்கப்பூரிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனது அக்கா மகனுக்காக. ஏப்லாஸ்டிக் அனீமியா, அதாவது எலும்பு மஜ்ஜை போதுமான ரத்த அணுக்களை உருவாக்காத நோய். அவன் தங்கையின் மஜ்ஜை முழுதாகப் பொருந்தியது. மஜ்ஜை மாற்று நடந்து ரத்த அணுக்களின் கவுண்டும் ஏறியது. அப்புறம் இறங்கத் தொடங்கிவிட்டது. யாருடைய செல்கள் எவ்வளவு என்று பார்க்கும் கைமெரிசம் டெஸ்டில் தங்கையின் செல்கள் குறைந்துகொண்டே வந்தன. உடம்பு அதை ஏற்கவில்லை. முன்பு நிறைய ரத்தம் ஏற்றியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

எரிச்சல் வந்தது கடலூர் லேபில்தான். சி.பி.சி. எனும் ரத்த அணு எண்ணிக்கை ரிப்போர்ட்டில் வெள்ளணு மொத்தம் 1,400 என்று மட்டும் இருந்தது. நமக்கு வேண்டியது அதில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் வகையின் எண்ணிக்கை. அது 500-க்குக் கீழே போனால் சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்த்துவிடும். கேட்டதற்கு, "டாக்டர் சீட்டுல எழுதலையே சார்" என்றார் கவுண்டரில் இருந்தவர். எழுதித் தந்தே வாங்கினோம். நீங்களும் "டிஃபரன்ஷியல் கவுண்டோட" (வெள்ளணு வகைவாரியாக) என்று கேட்டு வாங்குங்கள்.

புதுச்சேரி ரத்த வங்கி வேறு மாதிரி. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்களைத் தர ஒரு கல்லூரிப் பையன் பைக்கில் வந்தான். ஒரு கையில் ஊசி, மறு கையில் போன். மெஷின் பிளேட்லெட்டைப் பிரித்துக்கொண்டு மீதி ரத்தத்தை அவனுக்கே திருப்பிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடந்தவன், ஜூஸ் குடித்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டான். நான் கையை நீட்டியபோது நர்ஸ் தடுத்துவிட்டார்: சொந்தக்காரர்கள் ரத்தம் கொடுக்க வேண்டாம், நாளைக்கு உங்களில் ஒருவரே டோனராக வேண்டியிருக்கலாம். ஏற்றுமுன் பையில் 'இர்ரேடியேட்டட்' (கதிர்வீச்சு காட்டியது) லேபிள் இருக்கிறதா என்று அக்கா பார்த்துக்கொள்கிறாள். கதிர்வீச்சு காட்டாத ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்கள் இவன் உடம்பையே தாக்கக்கூடும்.

வந்தவர்கள் பாதிப்பேர் பப்பாளி இலைச் சாறு சொன்னார்கள். மஜ்ஜையே வேலை செய்யாதபோது இலை என்ன செய்யும்? பச்சைச் சாறில் கிருமி வேறு. அத்தான் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் "சரி" என்றார். யாருக்கும் தெரியாமல் குப்பையில் போட்டார்.

இனி இரண்டாவது மாற்றுதான் என்கிறார்கள். பெற்றோர் எப்படியும் பாதி பொருந்துவார்கள் என்பதால் அக்கா, அத்தான் இருவருக்கும் டெஸ்ட் எடுத்தாயிற்று. அதுவரை ஜுரம் 100.4-ஐத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ராத்திரி கூப்பிட்டால் எடுக்கும் ஒரு டாக்ஸிக்காரரிடம் முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறோம்.