பெல்லட் அடுப்புக்குக் காற்று: குழாயா, சுவரில் திறப்பா?

எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் வேலை செய்யும் நாற்பது பேருக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் மதியச் சாப்பாடு போகிறது. சென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடு. மாதாமாதம் முதல் தேதி வணிக சிலிண்டரின் விலையைப் பார்த்துவிட்டுச் சாம்பாருக்கு விலை வைக்க முடியாது என்று மாமியார் சொல்லிவிட்டதால், பெல்லட் அடுப்புக்கு மாறினோம். மரத்தூளையும் கடலைத்தோலையும் அழுத்திச் செய்த சிறு குச்சிகளை உள்ளே கொட்டிப் பற்றவைத்தால், பக்கவாட்டில் இருக்கும் புளோயர் காற்றை ஊத, தணல் நின்று எரியும். புகைபோக்கி மாடிக்கு மேல் போகிறது. அடுப்பைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அது மூச்சு விடுவதற்கு எந்த வழியைக் கொடுப்பது என்பதில்தான் ஒரு முறை தவறாக முடிவெடுத்துப் பணம் செலவழித்தேன்.

ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடுவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. மூடிய அறையில் காற்றுப் போதாமல் எரியும் தீ கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கூடத்துக் கதவைத் திறந்துவைத்துச் சமைக்கலாம் என்றால், நாங்கள் அடுப்பு மூட்டுவது விடியற்காலை ஐந்து மணிக்கு. கூடத்தில் ஏசி போட்டுப் பிள்ளைகள் தூங்குவார்கள். சமையலறையில் முன்பு இருந்த ஜன்னலையும் எக்ஸாஸ்ட் விசிறி வைத்தபோது செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

மீதி இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, வெளிச்சுவரிலிருந்து புளோயரின் வாய்க்கே நேராக ஒரு குழாய். இன்னொன்று, சுவரை உடைத்துத் தாராளமாக ஒரு திறப்பு. அடுப்பு விற்றவர் குழாயைச் சொன்னார். மூன்று அங்குலத் தகரக் குழாய், இரண்டு எல்போ வளைவுகள், வெளியே கீழ்நோக்கி வளைந்த ஒரு மூக்கு. பார்க்க நேர்த்தியாக இருந்தது. நான்கு மாதம் அதோடு சமைத்தேன்.

இந்தக் குழாய் எங்கிருந்து வந்த யோசனை என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பனி பெய்யும் நாடுகளில் பெல்லட் அடுப்பு சமையலுக்கு அன்று, வீட்டைச் சூடாக்குவதற்கு. அங்கே குளிருக்குப் பயந்து ஒவ்வோர் இடுக்கையும் அடைத்து வைத்திருப்பார்கள். அறைக்குள் இருக்கும் சூடான காற்றையே அடுப்பு இழுத்துப் புகைபோக்கி வழியாக வெளியே அனுப்பினால், அதன் இடத்தில் பனிக்காற்று இடுக்குகள் வழியாக நுழையும். சம்பாதித்த சூடு வீண். அதனால் வெளிக்காற்றை நேராக அடுப்புக்கே கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் தொழிற்சாலையில் செய்து இழுத்துவரும் வகை வீடுகளில் அப்படிக் கொடுப்பது கட்டாயமே. அங்கே அது முழுக்க நியாயம். வண்ணாரப்பேட்டையில் எந்தச் சூட்டைப் பாதுகாக்கப் போகிறோம்? சூட்டை விரட்டத்தானே விசிறி போட்டிருக்கிறோம்!

வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கும் சமைக்கும் அடுப்புக்கும் வேறொரு வித்தியாசமும் உண்டு. அவர்களுடையது கண்ணாடிக் கதவு போட்டு இறுக மூடியிருக்கும். நம்முடையதன் வாயை மூடுவது பாத்திரம். குழம்பு அண்டா மேலே உட்கார்ந்திருக்கும் வரை குழாய் நன்றாகவே வேலை செய்தது, அதை மறுக்க மாட்டேன். அண்டாவை இறக்கிவிட்டுச் சோற்றுத் தவலையை ஏற்றுவதற்குள் போகும் அந்த அரை நிமிடத்தில்தான் வினை. புகை மேலே போகாமல் வாய் வழியாகப் பொங்கி, முகத்தில் அடித்துவிட்டு, எக்ஸாஸ்ட் விசிறியை நோக்கி வரிசையாகப் போகும். கண் எரிச்சலோடு தவலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். புகைபோக்கியில்தான் அடைப்பு என்று இரண்டு முறை அதைக் கழற்றித் தட்டினோம். நெல்லிக்காய் அளவு கரிகூட விழவில்லை.

ஒருநாள் மாமியார் பூஜை அறையிலிருந்து ஓர் ஊதுவத்தியைக் கொண்டுவந்து, அணைந்து கிடந்த அடுப்பின் வாயருகே பிடித்தார். எக்ஸாஸ்ட் விசிறி நின்றிருந்தபோது ஊதுவத்திப் புகை நூல் பிடித்தாற்போல் அடுப்புக்குள் இறங்கிப் புகைபோக்கிப் பக்கம் போயிற்று. விசிறியைப் போட்டதும் அந்த நூல் ஒரு கணம் தயங்கி, நடுங்கி, திரும்பி, எங்கள் முகத்தை நோக்கி வந்தது. “அடுப்புக்கு மூச்சு முட்டவில்லையம்மா, அறைக்குத்தான் முட்டுகிறது” என்றார்.

அவர் சொன்னதைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ மரம் எரியக் கணக்குப்படி ஏறக்குறைய ஆறு கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 12 கிலோ; கன அளவில் சுமார் 10 கனமீட்டர். எங்கள் அடுப்பு மணிக்கு இரண்டு கிலோ எரிக்கிறது. ஆக 20 கனமீட்டர். பத்துக்கு எட்டு அடி, உயரம் பத்து அடி கொண்ட எங்கள் சமையலறையின் மொத்தக் காற்றே 23 கனமீட்டருக்குக் கிட்டத்தான். அடுப்பு ஒரு மணி நேரத்தில் ஓர் அறைக் காற்றைக்கூட முழுதாகக் குடிப்பதில்லை, பாவம். எதிரே 12 அங்குல எக்ஸாஸ்ட் விசிறி! அதன் அட்டையில் மணிக்கு ஆயிரம் கனமீட்டருக்கு மேல் என்று போட்டிருக்கும். அடுப்பைப்போல் ஐம்பது மடங்கு பசி. கதவை அடைத்துவிட்டு அதை ஓடவிட்டால், தள்ளிய காற்றுக்கு ஈடான காற்றை எங்கிருந்தாவது இழுக்கத்தான் செய்யும். கதவிடுக்கு போதவில்லை என்றால், மாடி வரை திறந்து கிடக்கும் ஒரே வழி புகைபோக்கி. அதில் மேலே போக வேண்டியதைக் கீழே இழுக்கும்.

குழாய் அடுப்புக்கு மட்டும் சோறு போட்டது. விசிறியைப் பட்டினி போட்டது. மூன்று அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பு ஏழு சதுர அங்குலம். ஓர் அடிக்கு ஒன்றரை அடித் திறப்பு 216 சதுர அங்குலம். முப்பது மடங்கு. இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு குழாய் வேண்டுமா வேண்டாமா என்று நான் யோசிக்கவே இல்லை. எக்ஸாஸ்ட் விசிறி இல்லாத சமையலறையாக இருந்தால் பேச்சு வேறு; அங்கே குழாயே போதும் என்று ஒப்புக்கொள்வேன். ஆனால் நாற்பது பேருக்குத் தாளிக்கும் வீட்டில் விசிறி இல்லாமல் முடியாது.

பராமரிப்பிலும் குழாய் தோற்றது. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரிகள் ஓடும் வட்டாரம் இது. அலமாரியைக் காலையில் துடைத்தால் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். எலி நுழையாமலிருக்க மூக்கில் கட்டிய மெல்லிய வலையில் மூன்றே வாரத்தில் சாம்பல் நிறத்தில் கம்பளம்போல் தூசி படிந்துவிட்டது. வெளியே, ஏணி வைத்தால் மட்டும் எட்டும் இடம். அடைப்பு நம் கண்ணுக்குத் தெரியாது, அடுப்புதான் சொல்லும். பளிச்சென்ற மஞ்சள் தீ மங்கிச் செம்மஞ்சளாகி, நுனியில் கரி கக்கும், அண்டாவின் அடி கறுக்கும். தேய்ப்பவருக்குத்தான் வேதனை. உப்புக்காற்றில் எல்போவின் மடிப்பு நான்கு மாதத்தில் துருப்பிடிக்கவும் தொடங்கிவிட்டது. துருப்பிடிக்காத எஃகில் செய்திருந்தால் தாங்கியிருக்கும், ஆனால் விலை வேறு. பி.வி.சி. குழாய் போடலாமே என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள்; அடுப்பின் அருகே அது உருகும்.

திறப்பில் இந்தக் கவலை இல்லை. உட்பக்கம் கம்பி வலை, கொக்கி போட்டுக் கழற்றும்படி. ஞாயிற்றுக்கிழமை கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துடைப்பக்குச்சியால் தட்டினால் முடிந்தது. வலை பெருச்சாளி நுழையாத அளவுக்கு இருந்தால் போதும். கொசுவலையை அதன்மேல் நிரந்தரமாக அடித்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அதை அட்டையாக்கிவிடும். கொசுக்கள் படையெடுக்கும் மாலையில் எங்கள் அடுப்பு எரிவதில்லை. ஒரு பலகைக் கதவைச் சாத்திவிடுகிறோம். காலையில் அதைத் திறந்த பிறகே விசிறி சுவிட்சில் கை வைப்பது என்பது வீட்டுச் சட்டம்.

இடம் பார்த்து உடைக்க வேண்டும். மேஸ்திரி விசிறிக்கு நேர் கீழே கோடு போட்டார், அங்கே சுவர் பூசுவது சுலபம் என்று. “அங்கே வேண்டாம் மேஸ்திரி, நுழைகிற காற்று அப்படியே மேலே ஏறி விசிறி வழியாக வெளியே போய்விடும்” என்றேன். அவருக்கு நம்பிக்கையில்லை, “காற்றுக்கு என்ன வழி தெரியுமா அம்மா?” என்று சிரித்தார். கடைசியில் அதே பின்சுவரின் மற்ற மூலையில், தாழ்வாக உடைத்தோம். இப்போது காற்று தரையோடு வந்து, அடுப்பைச் சுற்றி, சூட்டையும் தாளிப்பு நெடியையும் அள்ளிக்கொண்டு எதிர்மூலையில் மேலே போகிறது. திறப்புக்கு நேராக அடுப்பின் வாய் வராமல் ஓர் அடி தள்ளி வைத்திருக்கிறோம், காற்று தீயைக் கலைக்காமல் இருக்க.

குழாய்க்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடியில் நினைத்த இடத்தில் சுவரை உடைக்க முடியாது. மூன்று அங்குலத் துளை என்றால் சங்கத்தில் ஒத்துக்கொள்வார்கள். இரைச்சல், பின் சந்துச் சாக்கடை நாற்றம் இரண்டும் திறப்பு வழியாகத்தான் வரும், குழாயில் வராது. வெள்ளம் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் சந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. ஏணி உயரத்தில் இருக்கும் குழாய் மூக்குக்கு அதனால் ஒன்றுமில்லை. திறப்பின் கீழ் விளிம்பை அந்தத் தண்ணீர்க் கறையைப் பார்த்து இரண்டரை அடியில் நிறுத்தினேன். இன்னும் தாழ்வாக வைத்திருந்தால் காற்றோட்டம் நன்றாக இருந்திருக்கலாம். இந்தத் திறப்போடு நாங்கள் கடந்தது ஒரே ஒரு மழைக்காலம்தான், அதுவும் சாதுவான மழை. ஆகவே இந்த உயரத்தைச் சத்தியம் செய்து சிபாரிசு செய்ய மாட்டேன்.

எதைத் தேர்ந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே மாட்டிவிடுங்கள். ஊதுவத்திச் சோதனைக்கோ செலவே இல்லை: எல்லாக் கதவையும் அடைத்து, எல்லா விசிறியையும் ஓடவிட்டு, அடுப்பு அணைந்திருக்கும்போது அதன் வாயருகே பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே போக வேண்டும்.

சுவர் உடைத்து, சட்டம் வைத்து, பூசிய கூலியும் வலையும் சேர்த்து, குழாய்க்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. கழற்றிய குழாயைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டேன். சுவரில் அது இருந்த மூன்று அங்குல ஓட்டையை மாமியார் அடைக்கவிடவில்லை. தண்ணீர் மோட்டாரின் ஒயர் இப்போது அதன் வழியாகத்தான் போகிறது.