இரண்டு இலட்சம் கிலோமீற்றரை நெருங்கிய அக்குவா: வாங்கலாமா?

வாங்கலாம், ஹைபிரிட் பற்றரி மாற்றும் காசை விலையிலேயே கழித்துக்கொண்டு வாங்குவதாக இருந்தால். அதற்கு விற்பவர் ஒத்துவரவில்லை என்றால் அடுத்த காரைப் பாருங்கள், அக்குவாவுக்கு இலங்கையில் பஞ்சம் இல்லை.

என்னிடம் இருப்பது ரொயோட்டா அக்குவா, ஒன்றரை இலட்சம் கிலோமீற்றர் தாண்டிய பிறகு வாங்கியது. யாழ்ப்பாணத்துக்குள் தினசரி ஓட்டம், அவ்வப்போது ஏ9 வழியாகக் கொழும்பு. வாங்குவதற்கு முன்பும், அதற்குப் பிறகு சொந்தக்காரருக்காகவும் நிறைய அக்குவாக்களைப் போய்ப் பார்த்திருக்கிறேன். பழைய ஹைபிரிட் கார்களின், அதாவது பெற்றோல் என்ஜினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் கார்களின், விலை ஏன் இறங்காமல் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், கார்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில், அதுவும் கடும் வரியோடு. நடுவில் 2022-இல் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போய், காருக்கு வாரம் 20 லீற்றர் என்று கியூஆர் கோட் பார்த்து அளந்து தந்த காலத்தில் வரிசையில் நின்றவர்கள் யாரும் 'லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்' என்ற கேள்வியை மறக்கப்போவதில்லை. அதனால் பத்து வருசம் தாண்டிய காருக்கும் பெரிய விலை கேட்கிறார்கள். அந்த விலையைக் கொடுத்து முடித்த பிறகு பற்றரி விளக்கு எரிந்தால்தான் குடும்பங்கள் திண்டாடிப் போகின்றன.

முதலில் காரைப் பற்றி. 2011 டிசம்பரில் யப்பானில் வந்த முதல் தலைமுறை அக்குவாவைத்தான் சொல்கிறேன், வெளிநாடுகளில் பிரியஸ் சி என்று விற்றதும் இதுதான். 1.5 லீற்றர் என்ஜின், கூட இரண்டு மின்மோட்டர்கள், இவற்றை இணைக்கும் பல்சக்கரத் தொகுதி ஒன்று. கிளட்ச் கிடையாது, கியர் மாறும் வேலை கிடையாது, தனி ஸ்டார்ட்டர் மோட்டர் கிடையாது, அல்டர்நேட்டர் கிடையாது, அறுந்துபோக பெல்ட்டும் கிடையாது. தண்ணீர்ப் பம்பும் ஏசி கம்ப்ரசரும் மின்சாரத்தில் ஓடுகின்றன. சாதாரண ஓட்டோ கியர் காரில் இரண்டு இலட்சத்துக்குள் செலவு வைக்கிற பாகங்களில் பாதி இதில் இல்லவே இல்லை. வேகம் குறைக்கும்போது மோட்டரே பெரும்பாலும் காரை இழுத்துப் பிடிப்பதால் பிரேக் பட்டைகள் நம்ப முடியாத அளவுக்கு நீடிக்கும். கிலோமீற்றரைக் கண்டு நான் பயப்படாததற்கு இதுதான் காரணம்.

வசதி என்று பார்த்தால் சுமார். பின் சீட்டில் உயரமான ஆள் கொழும்பு வரை இருந்தால் முழங்கால் நோகும். கார் தாழ்வு, உள்வீதிகளில் நிதானம் வேண்டும். ரயர் சத்தம் உள்ளே நன்றாகக் கேட்கும். ஆனால் கொழும்பில் காலி வீதி நெரிசலில் என்ஜின் நின்றபடியே ஏசி குளிராக ஓடிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் வேறு எந்தக் குறையும் பெரிதாகத் தெரியாது.

பெற்றோல் விசயத்துக்கு வருவோம். யப்பான் அரசின் ஜேசி08 சோதனையில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று போட்டிருந்தார்கள், அதை மறந்துவிடுங்கள். ஏசியோடு ஓடினால் எனக்கு 20-ஐ ஒட்டி வரும், ஏ9-இல் 70, 80-இல் சீராகப் போனால் அதற்கு மேலே. ஆனால் வீட்டிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்று இரண்டு மூன்று கிலோமீற்றர் துண்டு ஓட்டம் மட்டும் ஓடினால் 15, 16-க்கு இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் குளிர்ந்த என்ஜின் சூடாவதற்காகவே ஓட வேண்டியிருக்கும், சூடாகி முடிவதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். உங்கள் ஓட்டம் அப்படித்தான் என்றால் ஹைபிரிட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு நியாயம் இல்லை, நல்ல நிலையில் ஒரு சின்னப் பெற்றோல் காரே போதும். வருசம் 15,000 கிலோமீற்றர் ஓடுபவர் என்றால் 12 கிலோமீற்றர் தருகிற காருக்கு 1,250 லீற்றர் வேண்டும், 20 தருகிற அக்குவாவுக்கு 750. மிச்சம் 500 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தாலும் வருசத்துக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய். இந்தத் தொகையை எழுதி வைத்துக்கொண்டு, உங்கள் ஊர்க் கராஜில் நல்ல பற்றரி ஒன்று மாற்ற எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்துப் பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை வருசத்தில் பற்றரிக் காசு திரும்பி வரும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இப்போது பற்றரி. நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகை, 144 வோல்ற், 20 மொடியூல்கள் (சேர்ந்து பற்றரியாகும் சிறு துண்டுகள்), பின் சீட்டின் அடியில் இருக்கிறது. இதற்கு முதல் எதிரி வெப்பம். அதைக் குளிர்விக்க ஒரு விசிறி காருக்குள்ளிருக்கும் காற்றையே இழுக்கிறது, அந்தக் காற்று போகும் துவாரம் பின் சீட்டை ஒட்டி இருக்கும். காரைப் பார்க்கப் போனால் பொனட்டைத் திறக்கும் முன்பே அங்கே போங்கள். மூடியைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஒருமுறை நான் பார்த்த காரில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போலத் தூசி படிந்து கிடந்தது, அதற்குள் குழந்தையின் தலைமுடி, பிஸ்கட் துகள், செம்மண். விரலால் பிடித்து இழுத்தால் ஒரே படலமாக வந்தது. அந்தப் பற்றரி எத்தனை வெயில் காலத்தை மூச்சுத் திணறிக் கழித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் வவுனியாவுக்கு இங்கால் இருக்கிற வெயிலில். அதே வயதில் இன்னொரு கார், ஓட்டம் அதைவிட அதிகம், துவாரம் துடைத்து வைத்தது போல இருந்தது. இரண்டாவது காரைத்தான் வாங்கச் சொன்னேன்.

இரண்டாவது எதிரி சும்மா நிற்பது. இதைப் பலர் நம்புவதில்லை. "வெளிநாட்டுக்காரரின் கார், வந்தால் மட்டும்தான் ஓடும், 60,000 தான் ஓடியிருக்கு" என்று கார் சேலில் பெருமையாகச் சொல்வார்கள். மாதக் கணக்கில் நின்றால் இந்த வகைப் பற்றரி தானாகவே சார்ஜ் இழக்கும், மொடியூல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இழக்கும், பிறகு ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. தினமும் கொழும்பிலிருந்து குருநாகல் போய்வந்து ஒன்றே முக்கால் இலட்சம் ஓடிய காரையும், முற்றத்தில் தார்ப்பாய் மூடி நின்ற 60,000 காரையும் ஒரே விலைக்குத் தந்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

பற்றரியைச் சோதிக்க வழி உண்டு. காரின் கணினியோடு செருகிப் படிக்கும் சின்ன ஓபிடி கருவியும் தொலைபேசியில் டொக்டர் பிரியஸ் அல்லது ஹைபிரிட் அசிஸ்டன்ட் செயலியும் இருந்தால் மொடியூல் தொகுதிகளின் வோல்ற்றேஜை ஓடும்போதே பார்க்கலாம். நிற்கும்போது எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கண்டிப் பக்கம் என்றால் கடுகண்ணாவை ஏற்றத்தில் அழுத்தி ஏறினால் போதும், பலவீனமான தொகுதி மற்றவற்றைவிடச் சட்டென்று கீழே விழும். எங்கள் பக்கம் ஏற்றமே இல்லை, அதனால் வேறு மாதிரிச் செய்ய வேண்டும்: காரை நிறுத்தி, ஏசியை முழு வேகத்தில் போட்டு, திரையில் பற்றரிக் கட்டங்களைப் பாருங்கள். கட்டங்கள் மெதுவாக ஒவ்வொன்றாகக் குறைந்து, பிறகு என்ஜின் தானாக ஓடி மெதுவாக நிரப்பினால் சரி. ஒரு நிமிசத்துக்குள் மளமளவென்று இறங்கி, அதே வேகத்தில் நிரம்பினால் பற்றரியின் கொள்ளளவு போய்விட்டது என்று அர்த்தம். விளக்கு எரியாமல் இருப்பது ஒரு சாட்சியே அல்ல. பிழைக் குறியீட்டை அழித்துவிட்டால் மறுபடி எரிய நேரம் எடுக்கும், அதனால் ஸ்கான் செய்து ஹைபிரிட் பற்றரியை மாற்றச் சொல்லும் பி0ஏ80 குறியீடு வருகிறதா என்று பார்ப்பதோடு, ஒரு மணி நேரமாவது ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கான் செய்யுங்கள்.

"பற்றரி புதுசா மாத்தியாச்சு" என்று சொன்னால் பில் கேளுங்கள். புதுசு என்பது பல இடங்களில் பழுதான ஒன்றிரண்டு மொடியூலை மட்டும் கழற்றி, வேறு பழைய பற்றரியிலிருந்து எடுத்ததைப் பூட்டியது. என் மச்சானின் காருக்கு அப்படித்தான் ஒரு கடையில் செய்து கொடுத்தார்கள், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் திரும்ப விளக்கு எரிந்தது. மற்ற மொடியூல்களும் அதே வயதுதானே, அடுத்தது சோர்ந்துபோகத்தானே செய்யும். கடைக்காரர் உத்தரவாதத்தில் இன்னும் ஒன்றை மாற்றினார், பிறகு இன்னொன்று. கடைசியில் முழுப் பற்றரியும் மாற்ற வேண்டி வந்தது. அந்த அலைச்சலைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால் சொல்கிறேன், மாற்றுவதாக இருந்தால் முழுதாக மாற்றுங்கள், விற்பவர் மொடியூல் மாற்றிய கார் என்றால் பற்றரி இல்லாத கார் என்றே கணக்கு வைத்து விலை பேசுங்கள்.

பற்றரி என்றால் உடனே சாகும் என்ற பயமும் தேவையில்லை. அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை 2011-இல் 2002-ஆம் ஆண்டுப் பிரியஸ் ஒன்றை, 2 இலட்சம் மைலுக்கு மேல் ஓடியதை, அதன் சொந்தப் பற்றரியோடு சோதித்தது. புதிதாக இருந்தபோது சோதித்த காரின் எரிபொருள் அளவு கலனுக்கு 40.6 மைல், இந்தப் பழைய காரில் 40.4. ஒரே ஒரு கார்தான், நம் வெயிலும் அங்கே இல்லை, இருந்தாலும் ஒழுங்காக ஓடிய பற்றரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது போதும்.

என் அனுபவத்தில் பற்றரியைவிடக் கவனிக்க வேண்டியது என்ஜினின் காலை நேரச் சத்தம். காரைப் பார்க்க விடியவே போங்கள், "இப்பதான் ஸ்டார்ட் பண்ணி வச்சன்" என்று சொன்னால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். இரவு முழுக்க நின்ற என்ஜின் ஓடத் தொடங்கியதும் சில வினாடிகள் கார் முழுக்கக் கடகடவென்று உதறினால் ஹெட் கஸ்கெற் (என்ஜினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) வழியாக, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் 1.8 என்ஜினில் இது பேர்போன நோய், புகையை மறுபடி உள்ளே அனுப்பும் ஈஜிஆர் பாதை கரி பிடித்து அடைப்பது அதற்கு ஒரு பெரிய காரணமாகச் சொல்லப்படுகிறது. அக்குவாவின் என்ஜின் வேறு, ஆனால் ஈஜிஆர் இதிலும் உண்டு, ஆகவே கூலன்ட் தொட்டியின் அளவையும் ஈஜிஆர் எப்போதாவது கழுவப்பட்டதா என்பதையும் கேட்டுவிடுங்கள். என்ஜினுக்கு ஒரு கூலன்ட் தொட்டி, பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டருக்கு இன்னொன்று, இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும். இன்வேட்டர் போனால் அது பற்றரிக்குச் சளைக்காத செலவு.

அப்புறம் பிரேக். காரை ஓன் செய்து பிரேக்கைத் தொடாமல் அமைதியாக இருங்கள். பின்னணியில் ஒரு பம்ப் சின்னதாக உறுமி நிற்கும், அது இயல்பு. பிரேக்கைத் தொடாமலே சில வினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தால் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் அக்சுவேட்டருக்குள் அழுத்தம் கசிகிறது. உயிர் சம்பந்தப்பட்ட விசயம், விலையும் கனதி, அந்தக் காரை நான் பேரம் பேசக்கூட மாட்டேன். இதற்கு நேர்மாறாக, திரையில் ஏகப்பட்ட விளக்குகள் ஒன்றாக எரிந்து கார் ஓன் ஆகாமல் நின்றால் பயந்துவிடாதீர்கள், பெரும்பாலும் சின்ன 12 வோல்ற் பற்றரி படுத்திருக்கும், அதை மாற்றினால் எல்லாம் அடங்கிவிடும்.

மீற்றரை நம்ப வேண்டாம். சேஸிஸ் இலக்கத்தை வைத்து யப்பான் ஓக்சன் ஷீட்டை (அங்கே ஏலத்தில் விற்றபோது எழுதிய அறிக்கையை) எடுத்துப் பாருங்கள், கார் கப்பல் ஏறியபோது எவ்வளவு ஓடியிருந்தது என்பது அதில் இருக்கும். பிறகு கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒயில் மாற்றிய ஸ்டிக்கர்கள், பிரேக் மிதியின் ரப்பர், சாரதி சீட்டின் வலது ஓரம். மீற்றர் 80,000 என்று சொல்லி, மிதி ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் நான் மிதியைத்தான் நம்புவேன். ஹயர் ஓடிய கார் என்று நேர்மையாகச் சொல்லி, ஒயில் மாற்றிய கணக்கைக் காட்டும் ஒருவரிடம் இரண்டு இலட்சம் ஓடிய காரை வாங்குவது இதைவிட மேல்.

ஹொண்டாவின் ஹைபிரிட்டுகளான ஃபிட் ஜிபி5, வெசல் பற்றியும் கேட்கிறார்கள். அழகான கார்கள், உள்ளே இடம் அதிகம், ஓட்ட நன்றாக இருக்கும். ஆனால் அவற்றில் இருப்பது ஏழு கியர் இரட்டைக் கிளட்ச், 2013-இல் வந்த அந்த ஃபிட்டை யப்பானில் 2014-க்குள்ளேயே பலமுறை திரும்ப அழைத்துத் திருத்தினார்கள். குறைந்த ஓட்டம் என்றால் யோசிக்கலாம், ஒன்றரை இலட்சத்துக்கு மேல் என்றால் என் பணத்தைப் போட மாட்டேன். சுசுகி வேகன் ஆர் வேறு கணக்கு, அதில் மோட்டர் என்ஜினுக்குச் சும்மா கை கொடுக்கிறது, அவ்வளவுதான், பற்றரிப் பயமும் அந்த அளவுக்குச் சின்னது.

விலை பேசி முடிந்தால் வாகனப் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முற்பணம் கொடுக்க வேண்டும். கார் வீட்டுக்கு வந்ததும் பற்றரி விசிறியைக் கழற்றிக் கழுவி, இரண்டு கூலன்ட்டையும் மாற்றி, கியர்ப்பெட்டிக்கு ரொயோட்டாவின் டபிள்யூஎஸ் ஒயிலைப் புதிதாக விடுங்கள். அந்த ஒயிலை மாற்றவே தேவையில்லை என்று சில கராஜ்களில் சொல்வார்கள். என் காரில் வடித்து எடுத்தது கறுப்பாக இருந்தது, நீங்களும் பக்கத்தில் நின்று பார்த்து மாற்றுங்கள்.