காந்தம் மாட்டினால் போர் தண்ணீர் 'சாஃப்ட்' ஆகுமா? அபார்ட்மெண்ட் அசோசியேஷன்காரர்கள் கவனத்துக்கு

போர் தண்ணீரை நம்பியிருக்கும் அபார்ட்மெண்ட்களாகப் பார்த்து ஒரு கூட்டம் வரிசையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. கையில் டெமோ பெட்டி, தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர், வழவழப்பான பிரோஷர். பைப்பின் மேல் ஒரு காந்தக் கருவியை மாட்டிவிட்டால் போதும், தண்ணீர் சாஃப்ட் ஆகிவிடும். உப்பு வாங்க வேண்டாம், கரண்ட் வேண்டாம், சர்வீஸ் வேண்டாம் என்பார்கள். மேடவாக்கம் பக்கம் இருக்கும் எங்கள் அபார்ட்மெண்ட்டில் அசோசியேஷன் பணத்திலிருந்து 46,000 ரூபாய் கொடுத்து இரண்டு கருவி வாங்கினோம். தண்ணீரும் மாறவில்லை, பணமும் வரவில்லை. அடுத்து உங்கள் செகரட்டரிக்குப் போன் வரலாம் என்பதால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தென்சென்னைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஷவர் ஓட்டை அடைத்துக்கொள்ளும், கீசர் காயிலில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும், சோப்பு நுரைக்காது. கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 700 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தின்படி 200 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. ஆக, யாராவது வந்து "சரி பண்ணித் தர்றோம்" என்றால் கூட்டத்தில் கை தானாக உயரும்.

டெமோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனையே அங்கேதான் முடிந்துவிடுகிறது. ஒரு டம்ளரில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி பிளக்கைப் போட்டார் விற்க வந்தவர். சற்று நேரத்தில் போர் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகத் திரிந்து, மேலே நுரையாக ஒரு அழுக்கு மிதந்தது. ஆர்ஓ தண்ணீர் அப்படியே இருந்தது. "இதுலதான் மேடம் குழந்தைங்களைக் குளிப்பாட்டுறீங்க" என்றதும் கூட்டத்தில் பேச்சு மூச்சில்லை.

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே அல்ல. கம்பிகளில் ஒரு ஜோடி இரும்பு. உப்பு கரைந்திருக்கும் தண்ணீரில் மின்சாரம் ஓடும், இரும்பு கரைந்து துருவாக வரும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் மின்சாரம் சரியாக ஓடாது, துருவும் வராது. அந்த 'சுத்தமான' டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போடச் சொல்லிப் பாருங்கள். அதுவும் அழகாகக் கலங்கும். தவிர, இந்த வித்தைக்கும் காந்தத்துக்கும் துளிச் சம்பந்தமும் இல்லை.

அப்புறம் சோப்பு டெமோ. எங்கள் தண்ணீரில் சோப்புக் கரைசலை விட்டுக் குலுக்கினால் தயிர் திரிந்தது போல ஒரு கசடு. "எங்கள் கருவியில் ஓடிய தண்ணீர்" என்று அவர் கொண்டுவந்த பாட்டிலில் விட்டுக் குலுக்கினால் விரல் உயரத்துக்கு நுரை. பாட்டிலில் மீதி இருந்ததில் எங்கள் வாட்ச்மேன் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தார். 60 சொச்சம். எங்கள் போர் தண்ணீர் 1,400. காந்தம் எதைச் செய்தாலும் கரைந்த உப்பை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகாது. வந்தது வேறு தண்ணீர். ஆனால் அதற்குள் அட்வான்ஸ் செக்கில் கையெழுத்து விழுந்திருந்தது.

மாட்டிய பிறகு நுரை கூடவில்லை, ஷவர் அடைப்பதும் நிற்கவில்லை. எங்கள் இரண்டாவது மாடியில் ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி டீச்சர் ஒருவர் இருக்கிறார். "சண்டை போடுறதுக்கு முன்னாடி அளந்து பார்த்துடலாமே" என்றார். இன்ஜினியரிங் முதலாண்டு லேபில் பிள்ளைகள் செய்யும் அதே ஈடிடிஏ சோதனைதான். சொட்டு கணக்கில் அளக்கும் கிட், மீன்தொட்டிக் கடையிலேயே கிடைக்கிறது. தண்ணீரில் இண்டிகேட்டரைப் போட்டால் ஒயின் சிவப்பாக மாறும். ஈடிடிஏ கரைசலை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வர வேண்டும். கால்சியமும் மெக்னீசியமும் முழுவதும் பிடிபட்ட கணத்தில் சிவப்பு சட்டென்று நீலமாகிவிடும். எத்தனை சொட்டு என்பதுதான் கணக்கு.

டீச்சர் ஒரு காரியம் செய்தார், அதுதான் முக்கியம். கருவிக்கு முன்னால் சம்ப்பில் எடுத்த தண்ணீர், கருவியைத் தாண்டி வந்த தண்ணீர் இரண்டையும் ஒரே மாதிரி பாட்டில்களில் நிரப்பி ஏ, பி என்று மட்டும் எழுதினார். எது எது என்ற சீட்டு அவர் பர்ஸில். சொட்டு எண்ணியவர்களுக்கு எது காந்தத் தண்ணீர் என்று தெரியாது. தெரிந்தால் "இதோ நீலமாயிடுச்சு" என்று நம் கண்ணே ஒரு சொட்டு முன்னாடி சொல்லிவிடும். திரும்பத் திரும்பச் செய்தோம். இரண்டு பாட்டிலுக்கும் ஒரு சொட்டுக்கு மேல் வித்தியாசம் வரவில்லை, அதுவும் ஒரு தடவை ஏ கூட, மறு தடவை பி கூட. நுரை உயரத்தையும் அதே முறையில் ஸ்கேல் வைத்து அளந்தோம். கதை அதேதான்.

கம்பெனிக்குப் போன் செய்தோம். பேச்சு மாறிய விதத்தைக் கவனியுங்கள். பிரோஷரில் "கடினத்தன்மை 80% குறையும்" என்று அச்சடித்திருந்தது. இப்போது "கடினத்தன்மை குறையாது சார், அதோட குணம்தான் மாறும், உப்பு ஒட்டாது" என்றார். சரி, ஒட்டுகிறதே என்றோம். "பழைய படிவு கரையணும், 90 நாள் ஆகும்." பணம் வாபஸ் உத்தரவாதம் 30 நாளுக்குத்தான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியாபாரம் புரிந்துவிடும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காந்தம் படிவைக் குறைக்குமா என்பது ஆராய்ச்சியாளர்களிடையே உண்மையிலேயே பழைய சர்ச்சை. பெல்ஜியத்தில் 1945-லேயே இதற்குப் பேட்டன்ட் எடுத்தார்கள். கால்சியம் கார்பனேட் வழக்கமான கால்சைட் வடிவில் படியாமல் அரகோனைட் என்ற வேறு படிக வடிவில் அதிகம் வருகிறது என்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் கோயி, கேஸ் என்ற இருவர் 2000-இல் ஓர் ஆய்வில் எழுதினார்கள். 1997-இல் தவளையைக் காந்தத்தில் மிதக்கவிட்டு உலகப் புகழ்பெற்ற இயற்பியலாளர் ஆந்த்ரே கெய்ம், நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வகத்தில் அந்த ராட்சதக் காந்தத்துக்குள் முதலில் ஊற்றிப் பார்த்தது தண்ணீரைத்தான். காந்தத் தண்ணீர் பற்றிய இந்தச் சர்ச்சையைத் தன் நோபல் உரையில் அவரே குறிப்பிடுகிறார். தவளை மிதந்தது சுமார் 16 டெஸ்லாவில், அதாவது 1,60,000 காஸ் (இரண்டுமே காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகுகள்). எங்கள் சமையலறைச் சோதனை அந்த ஆராய்ச்சிச் சர்ச்சையைத் தீர்க்காது. ஆனால் எங்களிடம் விற்றது படிக வடிவத்தை அல்லவே. சோப்பு நுரைக்கும், முடி கொட்டாது, கடினத்தன்மை 80% குறையும் என்று விற்றார்கள். அதை அளக்க மீன்தொட்டிக் கிட் போதும்.

இன்னொரு கூத்து, மாட்டிய இடம். எங்கள் மெயின் லைன் ஜிஐ பைப். இரும்பு. காந்தப்புலம் இரும்புச் சுவர் வழியாகவே சுற்றிப் போய்விடும், உள்ளே ஓடும் தண்ணீருக்கு மிச்சம் அதிகம் இருக்காது. பிளம்பரிடம் அதே அளவு ஜிஐ பைப் துண்டு ஒன்றும் பிவிசி துண்டு ஒன்றும் வாங்கி, கருவியை மாட்டி, நடுவில் நூலில் தையல் ஊசியைத் தொங்கவிட்டோம். பிவிசியில் ஊசி விருட்டென்று சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. ஜிஐயில் லேசாக அசைந்ததோடு சரி. பிரோஷரில் இருந்தது "10,000 காஸ்".

கருவியின் ஸ்டீல் உறையையும் பிரித்தோம். உள்ளே கறுப்பு ஃபெரைட் கட்டிகள், பழைய ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்குமே அந்த ஜாதி. மீதி இடத்தில் எபாக்சி பசை. ஃபெரைட் காந்தத்தின் மேற்பரப்பில் பொதுவாக 1,000 காஸ் பக்கம் இருந்தாலே பெரிது. பிரித்த போட்டோவை அனுப்பியதும் வந்த ஒரே பதில்: "சீல் உடைச்சிட்டீங்க சார், வாரண்டி போச்சு."

உங்களுக்கு உண்மையிலேயே கடினத்தன்மை குறைய வேண்டுமானால், ரெசின் போட்ட அயனி மாற்று சாஃப்ட்னர்தான் வழி. அவ்வப்போது உப்புக் கரைசல் விட வேண்டும், அந்தக் கழிவுநீர் போக வழி வேண்டும், செலவு உண்டு. அதிலும் டிடிஎஸ் குறையாது; கால்சியம், மெக்னீசியம் போய் சோடியம் வருகிறது, அவ்வளவுதான். எனவே சாஃப்ட்னர் விற்க வருபவர் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நீட்டினால் அங்கேயே நிறுத்திக் கடினத்தன்மையை அளக்கச் சொல்லுங்கள், உங்கள் சம்ப் தண்ணீரில், உங்கள் கண்முன்னே. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். வாங்குவதாக இருந்தால் "கடினத்தன்மை இத்தனையிலிருந்து இத்தனைக்கு வராவிட்டால் முழுப் பணம் வாபஸ்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பிரோஷரைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரமே அந்த "80%" வரிதான்.

நாங்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். அதன் பிறகு கம்பெனியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, வாட்ஸ்அப் குரூப்களில் போட்டதை எடுத்துவிட்டால் 15,000 ரூபாய் தருவதாகப் பேரம் பேசினார். பொதுக்குழுவில் அதை ஒருமனதாக நிராகரித்தோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். டீச்சர் சொட்டுக் கணக்கு நோட்டை நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார். இதே கருவியை வாங்கிய வேறு அபார்ட்மெண்ட்காரர்கள் இருந்தால் பில், பிரோஷர் இரண்டையும் எடுத்துக்கொண்டு தொடர்புகொள்ளுங்கள். மனு தயாராகும் முன் வந்தால் சேர்ந்தே போடலாம்.