காசு துப்பாக்கிக்கா, முகக்கவசத்துக்கா?

சாயக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுடும் பெயிண்ட்பால் விளையாட்டில் எளிய துப்பாக்கியும் விலை கூடிய மின்னணுத் துப்பாக்கியும் பெரும்பாலும் அதே 0.68 அங்குலக் குண்டைத்தான் சுடுகின்றன. வேகவரம்பும் வழக்கமாக வினாடிக்கு 300 அடிக்குள்தான். மின்னணுவில் சுடும் விசை மென்மை, குண்டுகள் அடுத்தடுத்துப் பாயும். குண்டும் அதே வேகத்தில் தீரும்.

முகக்கவசம் அப்படியல்ல. கிருஷ்ணகிரியின் மார்கழிக் காலையில், பாறை மறைவில் குனிந்திருந்தேன். மலிவான ஒற்றைக் கண்ணாடி என் மூச்சிலேயே வெளுத்துவிட்டது. எதிரே வந்தவரின் சட்டை நிறம்கூடத் தெரியவில்லை. துடைக்கக் கழற்றவும் கூடாது, கண்ணே போய்விடும்! இரட்டைக் கண்ணாடியில் நடுவே காற்று நிற்பதால் எளிதில் ஆவி படியாது. அதற்குத் தாராளமாகச் செலவழியுங்கள். எப்போதாவது ஆடுபவருக்குத் துப்பாக்கி வாடகைக்கே போதும். வாராவாரம் போட்டிக்குப் போகிறவர் மட்டும் மின்னணுவை யோசிக்கலாம்.