தண்டனையா, திருத்தமா: தென்னாப்பிரிக்கச் சிறைகளின் இரு வழிகள்
1997ஆம் ஆண்டுச் சட்டம் கடுங்குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனைகளை வகுத்து அடைப்புக்காலத்தை நீட்டியது. 2005ஆம் ஆண்டு வெள்ளையறிக்கையோ திருத்துவதையே சிறையின் மையப் பணியாக்கியது. கடுந்தண்டனை, குற்றவாளி உள்ளே இருக்கும்வரை ஊரைக் காக்கிறது, பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் கிடைத்த உணர்வையும் தருகிறது. அந்த உணர்வை யாரும் இலேசாக எண்ணக்கூடாது. ஆயினும் 26, 27, 28 என்னும் எண்களையே பெயராகக் கொண்ட சிறைக் கும்பல்கள் ஆளும் நெரிசலான கூடத்தில் பல ஆண்டுகள் கழித்து, கைத்தொழில் எதுவுமின்றி வெளியேறுபவர், வேலை கேட்கும் இடமெல்லாம் குற்றப்பதிவே முன்னால் நிற்கையில், பழைய கூட்டாளிகளிடமே திரும்புகிறார்.

திருத்த வழிக்கு டர்பன் வெஸ்ட்வில் சிறையே சான்று: அங்குள்ள உசெதுபேனி பள்ளியில் இளங்கைதிகள் பள்ளியிறுதித் தேர்வான மெட்ரிக் எழுதுகின்றனர். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் கோயில் கதவைச் செப்பனிட்டவர் சிறையில் தச்சு கற்றவர். கூலியை வாங்கியதும் அதை அப்படியே தாயின் கையில் வைத்தார்.