என்விடிஏ வழியாகத் தமிழ் படித்த பன்னிரண்டு வருடங்கள்

பிறவியிலேயே எனக்குப் பார்வை இல்லை. 2013-இல் நண்பர் ஒருவர் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுக்கொடுத்த என்விடிஏதான் இன்றுவரை எனக்கு வேலைக்கும் வாசிப்புக்கும் துணை. விண்டோஸில் ஓடும் இலவசத் திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் இதை எழுதத் தொடங்கினார், அவரும் பார்வையற்றவர். என்விடிஏ கிடைக்கும் முன்பு நான் விசாரித்த இதுபோன்ற மென்பொருள்களின் விலை எங்கள் வீட்டின் பல மாதச் செலவுக்குச் சமம். அந்தப் பென்டிரைவை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

குரலைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். இதோடு வரும் இஸ்பீக் என்ற கணினிக் குரலில் தமிழ் உண்டு. ஆரம்பத்தில் தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருக்கும். இரண்டு மூன்று வாரம் பொறுத்துக்கொண்டால் காது பழகிவிடும். ஆண்ட்ராய்டு போனின் திரைவாசிப்பானான டாக்பேக்கோடு கேட்கும் கூகுள் தமிழ்க் குரல் இதைவிட எவ்வளவோ இனிமை, கதை கேட்க எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் நீளமான கோப்பை வேகமாக ஓட்டிக் கேட்கும்போது சொல் சிதையாமல் வருவது இஸ்பீக்கில்தான்.

இணையப் பக்கத்தில் எச் விசையைத் தட்டினால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம், கே தட்டினால் இணைப்புகள். பக்கத்தைச் செய்தவர் தலைப்பைத் தலைப்பு என்று குறித்திருந்தால்தான் இது நடக்கும். வெறுமனே எழுத்தைப் பெரிதாக்கித் தடித்திருந்தால் என் காதுக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான்.

சரி, இத்தனை வருடத்தில் என்னை அதிகம் படுத்தியது எது என்றால், தமிழ் எழுத்துரு. பார்ப்பவர்களுக்கு இது தெரியவே வாய்ப்பில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் அழகாகத் 'தமிழ்' என்றுதான் தெரியும். உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. என் கணினி உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். பதினைந்து பக்க ஆணை ஒன்று மின்னஞ்சலில் வந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிய நாளில் அழுகை வந்துவிட்டது. அதில் என் பணி தொடர்பான ஒரு பத்தி இருந்தது. அதை யாராவது படித்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடையும், தமிழுக்கென்றே செய்த டேஸ்16 குறியீட்டையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. யூனிகோடில் வருவது எனக்குத் தேன். டேஸ்16 எழுத்துகள், எந்த மொழிக்கும் பொதுவாக ஒதுக்காத இடமான யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் என் குரலுக்கு அவை புரிவதில்லை. அறிவிப்பு வந்து இத்தனை வருடம் ஆகியும் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, வெட்டி ஒட்டிப் படித்துக்கொள்கிறேன். அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பும் பிடிஎஃப்பில் எழுத்தே கிடையாது, வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறந்தால் ஓரளவு எழுத்தாக மாறும், ஆனால் அட்டவணை இருந்தால் யார் பெயருக்கு எந்தத் தொகை என்பதே குழம்பிவிடும்.

அப்புறம் மொழிக் குறியீடு. இந்தப் பக்கம் எந்த மொழி என்று கணினிக்குச் சொல்ல வேண்டும் என்பது இணையப் பக்கங்களை எல்லோரும் அணுகும்படி செய்வதற்கான உலகளாவிய வழிகாட்டி டபிள்யூசிஏஜி 2.0-இல் 2008-லேயே அடிப்படை நிலையில் உள்ள விதி. தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று குறித்து வைத்திருந்தால், தமிழ் தெரியாத ஆங்கிலக் குரலிடம் அது போய்ச் சேரும். அப்போது தமிழ்ச் சொற்கள் எல்லாம் மௌனமாகி, தேதிகளும் எண்களும் மட்டும் கேட்கும். ஒருமுறை தேர்வு அறிவிப்பு ஒன்றில் கட்டணத் தொகை கேட்டது, எந்தத் தேர்வு என்பது கேட்கவில்லை.

காதால் மட்டுமே படிப்பதில் ஒரு இழப்பும் உண்டு. 'முன்னாள்' என்பதும் 'முந்நாள்' என்பதும் காதுக்கு ஒன்றுதான். மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறேன். பிரெயிலில் ந-வுக்கும் ன-வுக்கும் புள்ளிகள் வேறு. பள்ளியில் பிரெயில் படித்ததால்தான் என் எழுத்து இந்த அளவுக்காவது பிழையில்லாமல் இருக்கிறது. கணினி வந்துவிட்டதே என்று பிள்ளைகளுக்குப் பிரெயிலை நிறுத்திவிடாதீர்கள், பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் கெஞ்சியே கேட்கிறேன்.

போனில் ஒரு வங்கிச் செயலி அடையாளச் சரிபார்ப்புக்கு, முகத்தை வட்டத்துக்குள் வைத்துக் கண் சிமிட்டச் சொன்னது. வட்டம் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. நான்கு முறை தோற்று, கடைசியில் கிளைக்கே போனேன். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே மாதிரியான வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, சரிபார்ப்பு முறைகளை மாற்ற 20 உத்தரவுகளைப் போட்டது. அந்தத் தீர்ப்பை என்விடிஏவிலேயே படித்தேன், எழுத்தாக இருந்த பிடிஎஃப்தான்.

என் மகளின் பள்ளியிலிருந்து சுற்றறிக்கைகள் வாட்ஸ்அப்பில் போட்டோவாகத்தான் வரும். எனக்காகத் தட்டச்சு செய்து போட முடியுமா என்று வகுப்பாசிரியையிடம் கேட்டேன். "சொல்லவே இல்லையே சார்" என்றார். அன்றிலிருந்து போட்டோவுக்குக் கீழே அதே விஷயம் எழுத்தாகவும் வருகிறது. போன வாரம் வந்தது சுற்றுலாச் செய்தி. மகள் பள்ளி விட்டு வீடு வரும் முன்பே நான் படித்துவிட்டேன்.