மலைப்பாதைத் தடம் பதிய: கூகுள் டைம்லைனா, ஆஸ்மாண்டா?

ஓட்டிப்போன மலைச்சாலைகளை வரைபடத்தில் கோடுகோடாகச் சேர்த்துவைக்கும் கிறுக்கு எனக்கு உண்டு. இதற்கு ஆண்ட்ராய்டில் செலவில்லாத வழிகள் இரண்டு: போன இடங்களைத் தானாகக் குறித்துவைக்கும் கூகுள் மேப்ஸின் டைம்லைன், ஆஸ்மாண்ட் (OsmAnd) என்ற வரைபடச் செயலி. இரண்டையும் பயன்படுத்திவிட்டு ஆஸ்மாண்டில் நிலைத்துவிட்டேன்.

வழி கேட்க, நெரிசல் பார்க்க, டீக்கடை தேட கூகுள்தான். அதில் பேச்சே இல்லை. பொள்ளாச்சியிலிருந்து சாலக்குடிக்கு வழி கேட்டால் பாலக்காடு, திருச்சூர் பக்கம்தான் இழுக்கும். ஆழியாறில் ஏறி, 40 கொண்டை ஊசி வளைவு கடந்து, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி என்று இறங்க வால்பாறையை நாமே இடையில் சேர்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை, அதற்காக யாரும் கூகுளை விடவேண்டாம்.

நான் டைம்லைனை விட்டது, தடம் பத்து வருஷம் கழித்தும் இருக்குமா என்ற கேள்வியால். டைம்லைன் 2024-இல் போனுக்குள்ளேயே சேமிக்கும் முறைக்கு மாறியது. கணினியில் திறந்து பார்க்கும் வசதி போயிற்று. பேக்கப் போடாமல் போனை மாற்றினால் பழைய பயணங்கள் வராது. தானாக அழிக்கும் கெடு எத்தனை மாதம் என்றும் பார்த்துவைக்க வேண்டும். ஆஸ்மாண்ட் எழுதித் தருவதோ ஜிபிஎக்ஸ் கோப்பு. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் எல்லாம் வெறும் எழுத்தாக இருக்கும், நோட்பேடில்கூடத் திறக்கலாம். நாளை ஆஸ்மாண்டே இல்லாமல் போனாலும் வேறு செயலி படிக்கும். ஊருக்கொரு கோப்பாகப் பென்டிரைவில் போட்டால் தீர்ந்தது. யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலை கோணலாக இருந்தால் அதே கோப்பை ஏற்றித் திருத்தவும் செய்யலாம்.

ஆஸ்மாண்டில் எத்தனை விநாடிக்கு ஒரு புள்ளி பதிய வேண்டும் என்பதும் நம் கையில். மலையில் மணிக்கு 30 கி.மீ. வேகம் என்றாலும் 30 விநாடியில் 250 மீட்டர் ஓடிவிடும். அப்படிப் புள்ளி வைத்தால் கொல்லிமலையின் 70 வளைவுகளில் பல வெட்டுப்பட்டு நேர்கோடாகும். 5 விநாடி என்றால் 40 மீட்டர்தான், வளைவு வளைவாகவே நிற்கும். டைம்லைனில் இதைத் தொடவே முடியாது.

ஆஸ்மாண்டின் மெனு ஒரு காடு. இலவசப் பதிப்பில் வரைபடப் பதிவிறக்கத்துக்கு வரம்பும் உண்டு. தமிழகம், கேரளம் இரண்டும் இறக்கினால் மேலே சொன்ன பாதைகளுக்குப் போதும். நான் காரில் சார்ஜரில் செருகியே பதிவதால் பேட்டரிக் கணக்கு என் அனுபவத்தில் இல்லை. பைக்கில் போகிறவர்கள் பவர்பேங்க் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவைத் தொடங்குவதும் நிறுத்துவதும் நாம்தான். நிறுத்தாமல் படுத்தால் லாட்ஜ் அறைக்குள் இரவெல்லாம் கோழி கிளறியதுபோல் கோடு விழும். அந்த வாலை மட்டும் வெட்டிவிட்டுச் சேமிக்கலாம்.